அது கிளாஸ் வைக்கிற துளை இல்லை, மைக்கூடு வைக்கிற துளை

பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

இரண்டு வருஷமாக என் போனுக்கு ஒரே மாதிரிப் படங்கள் வந்துகொண்டிருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புது வீடு, மதுராந்தகம் பக்கம் பண்ணை வீடு, கூடத்து மூலையில் பாலிஷ் போட்ட ஒரு பழைய மரச் சாமான். அதன்மேல் நாலு கிளாஸ், இரண்டு பாட்டில், ஒரு மஞ்சள் விளக்கு. கூடவே ஒரு வரி: "1950 மாடல் ஹோம் பார், ஒரிஜினல் தேக்கு, எப்படி இருக்கு டீச்சர்?" குடிப்பதைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. அதற்குத் தனியாக ஒரு நாள் திட்டுகிறேன். என் சண்டை அந்தச் சாமான்மேல் ஒட்டியிருக்கிற பொய்யோடு.

போன மாதம் வந்த படத்தையே எடுத்துக்கொள்வோம். மேல் பலகையின் ஓரத்தில் வட்டமாக இரண்டு துளை. "சின்ன கிளாஸ் வைக்கிறதுக்கு அந்தக் காலத்திலேயே செஞ்சிருக்காங்க" என்று விற்றவர் சொன்னாராம், இவனும் நம்பிக் காசை எண்ணிக் கொடுத்திருக்கிறான். கண்ணா, அது மைக்கூடு வைக்கிற துளை. தொட்டு எழுதும் பேனா காலத்து பள்ளிக்கூட டெஸ்க் அது. துளைக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம் ஓடுகிறதே, அது பேனா உருண்டு விழாமல் இருக்க. அதை எதற்கு என்று சொன்னாராம்? ஸ்ட்ரா வைக்கவா? பிள்ளைகள் எழுதுவதற்காகச் சாய்வாக இருந்த பலகையை அறுத்து மட்டமாக்கி, காலுக்கு ஒட்டுப்போட்டு உயர்த்தியிருக்கிறார்கள். ஒட்டின இடத்தில் மரத்தின் நிறம் மாறுவது படத்திலேயே தெரிகிறது.

இன்னொன்று சொந்தத்துக்குள். தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது, குடும்பக் குழுவில் "தாத்தா காலத்து பார்" என்று போட்டாயே, அது பெரியம்மா சமையலறையில் இருந்த வலை அலமாரி. பாலும் தயிரும் நெய்யும் இருந்த இடம். கம்பி வலையைப் பிரித்துவிட்டுக் கண்ணாடி போட்டிருக்கிறாய். நாலு காலையும் குனிந்து பார், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கறுப்பாக ஊறிப்போயிருக்கும். எறும்பு ஏறாமல் ஒவ்வொரு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திவைத்த தடம் அது. எந்த பாலிஷுக்கும் போகாது. உன் மகள் பள்ளிக்கூடத்தில் "எங்கள் கொள்ளுத்தாத்தா வீட்டில் பார் இருந்தது" என்று கட்டுரை எழுதினால் அதைத் திருத்தப்போவது யார்? தாத்தா வெற்றிலை பாக்கைத் தாண்டாத மனிதர்.

தாத்தா கதை போகட்டும், சரித்திரக் கணக்கே உதைக்கிறது. 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல், ஓமந்தூரார் முதல்வராக இருந்தபோது, மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971 வரை எடுக்கவில்லை. எடுத்தார்கள், 1974-ல் மறுபடி மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள். ஆக 1950-களில் செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு குடும்பம் கூடத்தில் பார் வைத்து விருந்தாளிக்குக் காட்டியது என்றால், பெர்மிட் வாங்கியவர் வீடாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்? மற்றவர்கள் குடிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. கள்ளச்சாராயம் தோப்புக்குத் தோப்பு காய்ந்தது. அதைக் குடித்தவர் கண்ணாடி அலமாரியில் அடுக்கி, விளக்குப் போட்டா குடித்தார்?

வீட்டு பார் என்கிற சாமான் உலகத்தில் இல்லாதது இல்லை. அமெரிக்காவில் மதுவிலக்கு 1920-ல் வந்து 1933-ல் போனது. அதற்குப் பிறகு, அதிலும் இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊருக்கு வெளியே வீடு கட்டிக் குடியேறிய காலத்தில், கூடத்தில் பார் வைப்பது அங்கே பெருமையாக இருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே கண்ணாடி, பாட்டிலுக்குத் தனி அறை, கிளாஸைத் தலைகீழாகத் தொங்கவிட வழி, மேலே ஃபார்மைக்கா, கீழே குச்சிபோல் கூராக இறங்கும் கால்கள். அதைத் தேடிச் சேர்க்கிறவனுக்கு நியாயம் இருக்கிறது, அவன் நாட்டுச் சரித்திரம் அது. நம் பக்கத்திலும் உண்மையான ஒன்று கிடைக்கலாம். புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர், நம் மதுவிலக்கு அங்கே செல்லாது. அங்கிருந்தோ பழைய கிளப்பிலிருந்தோ வந்தது என்று காகிதம் காட்டினால் தாராளமாக வாங்குங்கள். காகிதம் இல்லையா, கையில் ஸ்கேல் எடுத்துக்கொண்டு போங்கள். முழு பாட்டில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரம். பாட்டிலே நிற்காத தட்டு பாருக்காகச் செய்த தட்டு இல்லை. திருகாணியின் தலையைப் பாருங்கள். நம் ஊர் பழைய ஆசாரிகள் போட்டது ஒற்றைக் கோடு. கூட்டல் குறி இருந்தால் பிற்பாடு யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் வலிக்கிற இடம் வேறு. பள்ளிக்கூடத் தளவாடச் சாமானில் பள்ளிப் பெயரையும் ஓர் எண்ணையும் பெயிண்டில் எழுதுவோம். அந்த எண்ணைத் தளவாடப் பதிவேட்டில் ஏற்றுவோம். தலைமையாசிரியர் மாறினால் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துத்தான் கையெழுத்து. பழுதானது கழிவில் போய் ஏலத்துக்கு வரும். ஏலம் எடுத்தவர் கடையில் முதல் வேலை என்ன தெரியுமா? உப்புத்தாள் வைத்து அந்த எண்ணைத் தேய்ப்பது. அது அழிந்த பிறகுதான் டெஸ்க் "பார்" ஆகும்.

சண்டிகரில் நடந்ததைக் கேளுங்கள். 1950-களில் அந்த நகரத்தைக் கட்டியபோது லெ கொர்புசியேவோடு வந்த அவருடைய உறவினர் பியர் ஜான்னரே, அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தேக்கு நாற்காலிகள் வடிவமைத்தார். பழசானதும் மொட்டை மாடியில் குவித்தார்கள், கழிவு என்று ஏலம் விட்டார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் வாரிக்கொண்டு போய் அங்கே லட்சக்கணக்கில் விற்றார்கள். 2011-ல் மத்திய உள்துறை தலையிட்டு விற்பனைக்குத் தடை போட வேண்டியதாயிற்று. இதில் கவனிக்க வேண்டியது, அந்த நாற்காலிகளின் முதுகில் அலுவலகப் பெயரும் எண்ணும் பெயிண்டில் இருக்கும். வாங்குகிறவர்கள் அதை அழிக்கவில்லை, அது இருப்பதைத்தான் தேடிப் பார்த்து வாங்கினார்கள். வெள்ளைக்காரன் காசு கொடுத்துக் காப்பாற்றுகிற எண்ணை நாம் கூலி கொடுத்துத் தேய்க்கிறோம்.

சட்டம் காப்பாற்றும் என்றும் இருக்க முடியாது. 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்தில் இப்படிப்பட்ட சாமானுக்கு 100 வயது ஆகியிருக்க வேண்டும். 1955-ல் செய்த டெஸ்க்கைக் கேட்க நாதி கிடையாது.

"விறகாகப் போவதற்கு பாராகவாவது இருக்கட்டுமே டீச்சர்" என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆசாரிக்கும் கடைக்காரருக்கும் அதில் பிழைப்பு இருக்கிறது, வாங்க ஆள் இல்லாவிட்டால் அடுப்புக்குத்தான் போயிருக்கும். அதனால் வாங்காதே என்று சொல்லவில்லை. அறுக்காதே, தேய்க்காதே, பெயரை மாற்றாதே. வலை அலமாரியில் பாட்டிலை வைத்துக்கொள், அது உன் வீடு. கேட்கிறவர்களிடம் "இது எங்கள் பெரியம்மாவின் தயிர் அலமாரி" என்று சொல். விருந்துக்கு வந்தவனுக்கு அந்தக் கதைதான் பிடிக்கும், வேண்டுமானால் சொல்லிப் பார். முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போங்கள். 1996-ல் திறந்தது. பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். எந்த ஊர், எப்படிப்பட்டவர்கள் வாழ்ந்த வீடு என்று சொல்லித்தான் காட்டுகிறார்கள். செட்டிநாட்டு வீட்டை அரண்மனை என்று சொல்லி டிக்கெட் விற்கவில்லை.

நம் வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கினார்கள். 1936-ல் சரணாலயமாக அறிவித்தபோது, ஊர்க்காரர்கள் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு என்று ஒருவராலும் தள்ள முடியவில்லை. அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, ஓர் அலமாரிக்கு ஒரு சீட்டு எழுத நமக்குச் சோம்பல்.

ஆகவே வீட்டுப்பாடம். உங்கள் வீட்டுப் பழைய சாமான் ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஒரு சீட்டு ஒட்டுங்கள். இது என்னவாக இருந்தது, யார் வீட்டில், எந்த ஊரில், யாரிடம் எப்போது வாங்கினீர்கள், அவ்வளவுதான். பெயிண்டில் எண் மிச்சம் இருந்தால் அதையும் பார்த்து எழுதுங்கள். அந்த டெஸ்க்காரன் விற்றவரிடமே திரும்பிப் போய் எந்தப் பள்ளி ஏலம் என்று கேட்டு வர வேண்டும். பென்சிலில் எழுதுங்கள், ஈரம் பட்டால் பேனா மை ஊறிவிடும். எழுதியதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பிழை திருத்தித் தருகிறேன். முக்கியமாக "அலமாரி"க்கு இந்த ல தான், அந்த ள இல்லை.