ஹனீபாவை ரெண்டாக வெட்டாதீர்கள்

போன பெருநாள் லீவுக்கு லப்பைக்குடிக்காடு போயிருந்தபோது நன்னி பரண் மேல ஏறச் சொன்னாங்க. தேடினது பிரியாணி தேக்சா. கிடைச்சது ஒரு தகரப்பெட்டி. உள்ளே பழைய துணியில் சுத்தின மூன்று கறுப்பு ரெக்கார்டுகள். ஒன்று விளிம்பில் கீறல் விட்டிருந்தது. மூன்றிலும் நாய் குழாய் முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்தப் படம். மூன்றிலும் நாகூர் இ.எம்.ஹனீபா.

"உங்க நன்னா வாங்கினது. நாப்பது அம்பது இருந்துச்சு. வீடு இடிச்சுக் கட்டினப்ப பழைய சாமான்காரருகிட்ட எடைக்குப் போட்டாச்சு" என்றார் நன்னி, சாதாரணமாக. எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது.

இந்தப் பதிவுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஹாஸ்டலில் ஒரு நண்பன் ஃபெலா குட்டி பைத்தியம். நைஜீரியாக்காரர், 1938-ல் பிறந்து 1997-ல் இறந்தவர். ஆஃப்ரோபீட் என்ற இசையை உருவாக்கி, ராணுவ ஆட்சியைப் பாட்டாலேயே வெளுத்து வாங்கியவர். ஆனால் அவர் ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1960-களில் 'கூலா லோபிடோஸ்' என்ற குழுவோடு ஹைலைஃபையும் ஜாஸையும் கலந்து ஆட்டம் போட வைக்கிற பாட்டுகள்தான் பாடிக்கொண்டிருந்தார். 1969-ல் அமெரிக்கா போய் வந்த பிறகுதான் ஆள் மாறினார். 1963 முதல் 1969 வரையான அந்தப் பழைய பதிவுகளைத் தேடிப்பிடித்து, 2016-ல் மூன்று குறுந்தகடுகளாக வெளியிட்டார்கள். அதைக் கேட்டால் ஒரு மனிதர் எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேர்ந்தார் என்பது காதிலேயே தெரிகிறது.

சரி, நம்ம ஆளுக்கு அப்படி ஒன்று எங்கே?

ஹனீபாவைத் தெரியாதவர்களுக்கு (இருக்கிறீர்களா என்ன?) ஒரு வரி: மைக் இல்லாமலே கூட்டத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல், 'இசைமுரசு' என்ற பட்டம், சாகும்வரை ஒரே கட்சி. சட்ட மேலவை உறுப்பினராகவும், வக்ஃப் வாரியத் தலைவராகவும் இருந்தார். 2015 ஏப்ரல் 8-ல் மறைந்தார்.

இப்போது நடப்பது என்ன? திமுக மேடையில் கட்சிப் பாட்டுகளை மட்டும் போடுகிறார்கள். நம் வீடுகளில் கல்யாணத்துக்கும் நோன்புக்கும் மார்க்கப் பாட்டுகளை மட்டும், அதிலும் திரும்பத் திரும்ப அதே அஞ்சாறு. ஆளை ரெண்டாக வெட்டி, ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு போய்விட்டோம்.

ஆனால் 1950-களில் அவர் ரெண்டு ஆள் இல்லை. நபியைப் பாடிய அதே தொண்டைதான் அண்ணாவையும் பாடியது. அண்ணா பாட்டைப் பதிவு செய்ய ரெக்கார்டு கம்பெனி முதலில் தயங்கியது என்றும், அப்படியானால் இஸ்லாமியப் பாட்டும் பாட மாட்டேன் என்று இவர் அடம்பிடித்தார் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். 1953-ல் நம்ம பக்கத்து கல்லக்குடியில் நடந்த பெயர் மாற்றப் போராட்டத்தை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்ததில் இவர் பாடிய கல்லக்குடி பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1961-ல் 'பாவமன்னிப்பு' படத்தில் டி.எம்.சௌந்தரராஜனோடு சேர்ந்தும் பாடினார். மார்க்கப் பாட்டு பலவற்றுக்கு மெட்டு இந்திப் படத்திலிருந்து வந்தது. பள்ளிவாசலும் கட்சி மேடையும் டூரிங் டாக்கீஸும் ஒரே குரலில் சந்தித்துக்கொண்ட காலம் அது. 'முஸ்லிமாகவும் தமிழனாகவும் எப்படி இருப்பது' என்று இன்று டிவியில் மணிக்கணக்காக விவாதிக்கிறார்களே, மூன்று நிமிட ரெக்கார்டில் அதற்குப் பதில் இருந்தது.

"இசையே கூடாது, இதைப் போய்ப் பாதுகாக்கணுமா?" என்று என் வகுப்புத் தோழன் ஒருவன் கேட்டான். அவன் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். கேட்காமல் இருப்பது அவன் உரிமை. ஆனால் எங்க நன்னா காலத்து ஜனங்கள் எதைக் கேட்டு அழுதார்கள், எதைக் கேட்டுக் கை தட்டினார்கள் என்பது வரலாறு. அதை எடைக்குப் போட யாருக்கும் உரிமை இல்லை.

"அதான் போன்ல எல்லாம் இருக்கே?" என்பது அடுத்த கேள்வி. நான் தேடிக் கேட்டவற்றில் பாதிக்கு மேல் எந்த வருஷம் என்றே இல்லை. எழுதினவர் பெயர் இல்லை, வாசித்தவர்கள் பெயர் இல்லை. ஃபெலாவின் பழைய பதிவில் டிரம்ஸ் வாசித்தது டோனி ஆலன் என்று உலகத்துக்கே தெரியும். ஹனீபாவுக்குத் தபேலா வாசித்தவர் யார் என்று என் வகுப்பில் ஒருத்தருக்கும் தெரியாது. பாட்டு எழுதிய கவிஞர்கள் நிலைமையும் அதேதான். இது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

சட்டமும் இப்போது தடையில்லை. இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். 1955-ல் வந்த ரெக்கார்டுக்கு 2015-ஓடு முடிந்துவிட்டது. 1964 வரை வந்த எல்லாப் பதிவும் இன்று பொதுச்சொத்து. பாடல் வரிகளின் உரிமை தனி, எழுதியவர் இறந்து 60 வருஷம் வரை. அதற்காகவாவது எழுதியவர் யார் என்று தெரிய வேண்டாமா?

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பாருங்கள். ரெக்கார்டு கிடைத்தால் ரெண்டு பக்கத்து லேபிளையும், நடுவில் பொறித்திருக்கும் எண்ணையும் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். 78 சுழற்சித் தட்டுகள் அரக்கால் ஆனவை, ஸ்பிரிட்டில் கரையும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிற்க வையுங்கள். பாட்டை மாற்றிக்கொள்வது அப்புறம், முதலில் உடையாமல் இருக்கட்டும்.

எங்க வீட்டு மூன்று தட்டையும் நான் படம் எடுத்துவிட்டேன். நன்னியிடம் காட்டி, "இது எப்ப வாங்கினது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்க அத்தா அப்ப பொறக்கல" என்றார்.

லேபிளில் இல்லாத தகவல் அது. இப்போதைக்கு அதை அவரிடம் மட்டும்தான் கேட்க முடியும்.