துறைமுகத்துக்கு ரசீது உண்டு, வயலுக்கு இல்லையா?



எண்ணூர் ரோட்டில் போய் வருகிறவர்களுக்கு கன்டெய்னர் லாரி வரிசை புதுசு இல்லை. திருவொற்றியூர், ராயபுரம் என்று துறைமுகத்தின் ஜீரோ கேட்டைப் பார்த்தபடி வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். அந்தச் சரக்கோடு சேர்ந்து இன்னொரு வரிசையும் போகுது. அது கண்ணுக்குத் தெரியாது. சரக்குக்கு உண்டான இன்வாய்ஸ், சான்றிதழ் எல்லாம் கம்ப்யூட்டர் வழியாக சுங்கத்துறையின் சர்வருக்கு ஏறுது. இந்தப் பக்கம் மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி கிராமங்களில் இருந்து நம்ம சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாமும் அரசாங்கத்தின் சர்வருக்குத்தான் ஏறுது.

இரண்டும் ஒரே வேலைதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே நியாயம் இல்லை! அதைத்தான் இங்கே பேசுகிறோம்.

அங்கே என்ன நடக்கிறது?

2017 அக்டோபரில் சுங்கத்துறை 'இ-சஞ்சித்' என்ற ஏற்பாட்டைச் சோதனையாகத் தொடங்கியது. டெல்லி விமான சரக்கு வளாகமும், ராஜாஜி சாலையில் இருக்கிற நம்ம சென்னை சுங்க மாளிகையும்தான் முதல் இடங்கள். 2018 மார்ச்சில் இறக்குமதிக்கு அதை நாடு முழுக்கக் கட்டாயம் ஆக்கினார்கள். ஏற்றுமதி இறக்குமதிக்காரர் தன் தாள்களை ஆபீஸ் ஆபீஸாகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றினால் போதும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. ஏற்றுகிற ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியாக ஒரு எண் வரும். ஐ.ஆர்.என். என்று சொல்வார்கள். பத்துத் தாள் ஏற்றினால் பத்து எண். அந்த எண்ணைத்தான் சரக்கு விண்ணப்பத்தில் எழுதுகிறார்கள். அதற்கு அப்புறம் எந்த அதிகாரியும் "உன் தாள் வரலையே" என்று கையை விரிக்க முடியாது.

சரி, கம்ப்யூட்டர் வேலை செய்யாவிட்டால்? அதற்கும் சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். 1962ஆம் வருஷத்து சுங்கச் சட்டம், 46ஆவது பிரிவு என்ன சொல்லுது? இறக்குமதி விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் கொடுக்கணும். ஆனால் அப்படிக் கொடுக்க முடியாத நிலைமை வந்தால் வேறு முறையில் வாங்கிக்கொள்ள ஆணையர் அனுமதிக்கலாம். சர்வர் படுத்தாலும் சரக்கு நிற்கக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கு!

இங்கே என்ன நடக்கிறது?

பயிர் இன்சூரன்ஸ், பட்டா மாறுதல், அரசு கொள்முதல் நிலையத்தில் நெல் போட, விவசாயிக்கான அடையாள எண் வாங்க, எல்லாத்துக்கும் தாளை ஏற்றணும். இ-சேவை மையத்துக்கோ பொது சேவை மையத்துக்கோ போகிறோம். கட்டணம் கட்டுகிறோம். "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்கிறார்கள். நாளைக்குப் போனால் கரண்ட் இல்லை. மறுநாள் போனால் கூட்டம். ஒரு கூலி நாள் போச்சு, பஸ் காசு போச்சு, கடைசித் தேதியும் போச்சு!

ஏறிவிட்டாலும் நிம்மதி உண்டா? ஒரு விண்ணப்ப எண் வரும். அந்த எண்ணுக்குள் எத்தனை தாள் போய்ச் சேர்ந்தது, எந்தத் தாள் தெளிவாக இருக்கு என்று நம்ம கைக்கு வரும் சீட்டு பெரும்பாலும் சொல்வதில்லை. மாசக்கணக்கில் காத்திருந்தால் "ஆவணம் இணைக்கப்படவில்லை", "தெளிவாக இல்லை" என்று ஒரு வரியில் தள்ளுபடி. யாரைக் கேட்பது? மையத்துக்காரர் ஆபீஸைக் காட்டுகிறார். ஆபீஸர் கம்ப்யூட்டரைக் காட்டுகிறார். கம்ப்யூட்டர் யாரைக் காட்டும்?

இது நமக்குச் சின்ன விஷயம் இல்லை. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல் தண்ணி ஏறி எத்தனையோ வருஷம் ஆச்சு. மழையை நம்பித்தான் சம்பா. இன்சூரன்ஸ் கட்டக் கடைசித் தேதி வருவதோ பெரும்பாலும் நவம்பரில். வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற, கரண்டும் டவரும் அடிக்கடி போகிற அதே மாசம். ஒரு தாள் ஏறாமல் போனால், வெள்ளத்தில் பயிர் போன பிறகு ஒரு ரூபாய் வராது.

'ஏறிடுச்சு' என்றால் என்ன அர்த்தம்?

விவரம் தெரிந்தால்தான் கேள்வி கேட்க முடியும். அதனால் கொஞ்சம் பார்ப்போம். போட்டோவைத் தேர்ந்தெடுத்து பட்டனை அழுத்தினதும், அந்த ஃபைல் சின்னச் சின்னத் துண்டாகப் பிரிந்து லைனில் போகுது. அந்தப் பக்கம் சர்வர் அதைச் சேர்க்கணும். சைஸ் சரியா, அனுமதித்த வகையா என்று பார்க்கணும். பிறகு தன் கிடங்கில் வைத்து, பதிவேட்டில் வரவு எழுதணும். அதன் பிறகுதான் "கிடைத்தது" என்று பதில் அனுப்பணும்.

இதில் எந்த இடத்திலும் அறுந்து போகலாம். லைன் மெதுவாக இருந்தால், குறிப்பிட்ட நேரம் பார்த்துவிட்டு சர்வர் தொடர்பைத் துண்டித்துவிடும். நாம் பார்க்கும்போது வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். இப்போதைய செல்போன் போட்டோ மூணு, நாலு எம்.பி. வரும். இணையதளம் சில நூறு கே.பி.தான் வாங்குவேன் என்றால், மையத்தில் படத்தைச் சுருக்குகிறார்கள். சுருக்கச் சுருக்க சர்வே எண்ணில் 3 எது, 8 எது என்றே தெரியாது. அப்புறம் "தெளிவாக இல்லை" என்று தள்ளுபடி! அளவு வைத்தது யார்? தண்டனை யாருக்கு?

திரையில் நூறு சதவீதம் என்று காட்டினாலும், ஃபைல் இங்கிருந்து கிளம்பியதற்குத்தான் அது சாட்சி. லாரி கேட்டைத் தொட்டதால் சரக்கு கப்பலில் ஏறிவிட்டது என்று எந்த ஏற்றுமதிக்காரராவது நம்புவாரா? பதிவேட்டில் வரவு வைத்து எண் கொடுத்தால்தான் சேர்ந்ததாகக் கணக்கு.

சட்டமும் இதைச் சொல்லுது. 2000ஆம் வருஷத்து தகவல் தொழில்நுட்பச் சட்டம் 13ஆவது பிரிவுப்படி, பெறுகிறவர் இன்ன கம்ப்யூட்டருக்கு அனுப்பு என்று குறித்திருந்தால், அதற்குள் ஆவணம் நுழைந்த நேரமே அது கிடைத்த நேரம். எது எப்போது வந்தது, எது பாதியில் அறுந்தது என்று சர்வர் தன் குறிப்பேட்டில் எழுதி வைக்கும். அந்தக் குறிப்பேடு அவர்கள் கையில். நம்ம கையில் என்ன இருக்கு? அதனால்தான் ரசீது கேட்கிறோம்.

அவர்கள் கொடுத்த தாளை அவர்களுக்கே கொடுக்கணுமாம்!

இன்னொரு வேடிக்கையைப் பாருங்கள். பட்டா, சிட்டா யாரிடம் இருக்கு? வருவாய்த் துறையின் சர்வரில்! அங்கிருந்து காசு கொடுத்து பிரிண்ட் எடுக்கிறோம். அதைப் போட்டோ பிடிக்கிறோம். இன்னொரு அரசு சர்வரில் ஏற்றுகிறோம். ஏற்றியது தெளிவில்லை என்று அதே அரசு நம்மைத் தள்ளுபடி செய்யுது. ஒரு வீட்டில் அண்ணன் அறையில் இருக்கிற பத்திரத்தைத் தம்பி அறைக்குக் கொண்டுபோக, நடுவில் விவசாயி எதற்கு? சர்வே எண்ணைச் சொன்னால் அவர்களே எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

"தாளை வாங்கினால் போலி வரும்" என்பவர்களுக்கு

நாம் கம்ப்யூட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தாலுகா ஆபீஸில் கட்டுக் காணாமல் போன காலமும், "ஃபைல் நகரணும்னா கவனிக்கணும்" என்ற காலமும் நமக்கு மறக்கவில்லை. ஒழுங்காக நடந்தால் கம்ப்யூட்டர் நமக்கும் நல்லதுதான்.

ஆனால் ஆன்லைன் என்றாலே போலி வராது என்பது பொய். 2020இல் பி.எம். கிசான் திட்டத்தில் நம் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? தகுதி இல்லாத லட்சக்கணக்கான பேரை ஆன்லைன் வழியாகவே சேர்த்தார்கள். சுமார் 110 கோடி ரூபாய் போனதாக அரசே சொன்னது. அதிகாரிகளின் பாஸ்வேர்டு வெளி ஆட்கள் கைக்குப் போனதுதான் காரணம் என்று விசாரணையில் வந்தது. திருடன் சுலபமாக நுழைந்தான். உண்மையான விவசாயி இன்னும் வாசலில் நிற்கிறான்!

"கடைசித் தேதி முடிந்தால் முடிந்ததுதான்" என்கிறார்கள். வியாபாரிகளுக்கு அப்படியா முடிந்தது? 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பழைய வரிப் பாக்கியைக் கேட்க 'டிரான்-1' என்ற படிவத்தை ஏற்றணும். இணையதளக் கோளாறால் ஏற்ற முடியவில்லை என்று பலர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இணையதளத்தைத் திரும்பத் திறக்கச் சொன்னது. 2022 அக்டோபர், நவம்பர் இரண்டு மாசமும் திறந்து வைத்தார்கள். அஞ்சு வருஷம் கழித்து அவர்களுக்குக் கதவு திறந்தது சரிதான், நியாயம்தான். அரை ஏக்கர் விவசாயிக்கு அஞ்சு நாள் திறக்கக் கூடாதா?

நமது கோரிக்கைகள்

1. ஏற்றுகிற ஒவ்வொரு தாளுக்கும் தனி எண் வேண்டும். அந்த எண்களும், தேதியும் நேரமும் போட்ட ரசீதைத் தமிழில், விவசாயி கையிலேயே கொடு!

2. சர்வரோ கரண்டோ போனால் வி.ஏ.ஓ. அலுவலகத்திலும் வேளாண்மை அலுவலகத்திலும் தாளாக வாங்கி சீல் போட்டுக் கொடு! சீல் போட்ட தேதியே விண்ணப்பத் தேதி.

3. கடைசி வாரத்தில் இணையதளம் எத்தனை நாள் படுத்ததோ, அத்தனை நாள் தேதியைத் தானாகவே நீட்டு!

4. தள்ளுபடிக்கு முன்னால் எந்தத் தாளில் என்ன குறை என்று சொல்லி, திருத்த 15 நாள் கொடு!

5. அரசிடமே இருக்கிற பட்டாவையும் சிட்டாவையும் நம்மிடம் கேட்காதே!

இவை கிடைக்கும் வரை நாம் செய்ய வேண்டியது

கடைசி நாளுக்குக் காத்திருக்காதீர்கள். ஏற்றுமுன் படத்தைப் பெரிசாக்கிக் காட்டச் சொல்லி சர்வே எண் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். எண் வராமல் மையத்தை விட்டு நகராதீர்கள். வட்டம் சுத்தும்போது பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்த விடாதீர்கள். ஒரே விண்ணப்பம் இரண்டாகப் பதிவாகலாம். ஏறவில்லை என்றால் அந்தத் திரையைத் தேதி நேரத்தோடு போட்டோ எடுங்கள். அன்றைக்கே தாள்களை நகல் எடுத்து, ஸ்பீட் போஸ்டில் சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு அனுப்புங்கள். பிறகு 2005ஆம் வருஷத்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, "இன்ன தேதியில் சர்வர் எத்தனை மணி நேரம் வேலை செய்யவில்லை?" என்று கேளுங்கள். ஒருத்தர் கேட்டால் புகார். ஊரே கேட்டால் போராட்டம்!

இதே கரையில், இதே சென்னையில், கப்பல்காரருக்கு ஒவ்வொரு தாளுக்கும் எண் கொடுக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, விவசாயிக்குக் கொடுக்கத் தெரியாதா? தெரியும். நாம் கேட்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை. இப்போது கேட்கிறோம்.

ஏற்றிய தாளுக்கு எண்ணைக் கொடு!
சர்வர் படுத்தால் தாளை வாங்கு!