போனைப் பறித்தால் யாருக்கு இலாபம்?

பெண் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்ததுதான் பிழை என்ற பேச்சைக் கண்டியில் பல இடங்களில் கேட்டுவிட்டேன். டியூசன் வகுப்பு வாசலில், கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில், தெல்தோட்டைப் பக்கத் தோட்டங்களில். அந்தப் போனை வீட்டுக்குள் கொண்டுவந்தது பாடசாலைதான் என்பதை வசதியாக மறந்துவிடுகிறோம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பின் பாடங்கள் வட்ஸ்அப்பிலும் சூமிலும் வந்தன. மலையகத்தில் கடன்பட்டு போன் வாங்கிய குடும்பங்கள் ஏராளம். பாடம் பிறகு வகுப்பறைக்குத் திரும்பியது. போன் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அதன் வழியாக வருபவன் பெரும்பாலும் முதல் நாளே ஆபாசமாகப் பேசுவதில்லை. ஒத்த வயதுப் பெண்ணாகவோ, அக்கறையுள்ள அண்ணனாகவோ வருவான். வாரக்கணக்கில் பேச்சு, பாராட்டு, வீட்டுச் சண்டைகளுக்கு ஆறுதல். இன்ஸ்டகிராமிலிருந்து உரையாடல் வட்ஸ்அப்புக்கு மாறும். பிறகு ஒரு படம். அதற்கு அடுத்த செய்திதான் அவனுடைய உண்மையான ஆயுதம்: "இதை அம்மாவுக்கு அனுப்பவா?"

இந்த மிரட்டல் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. கனடாவில் 2012இல் உயிரிழந்த 15 வயது அமண்டா டொட்டை மிரட்டியவன் நெதர்லாந்தில் இருந்தான். அவளுடைய படங்களை அவளுக்குத் தெரிந்தவர்களுக்கே அனுப்பினான். 2022இல் கனேடிய நீதிமன்றம் அவனுக்கு 13 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

தமிழ்ச் சமூகத்தில் இந்தப் பயம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பொள்ளாச்சி வழக்கு காட்டியது. பேஸ்புக் போன்ற தளங்கள் வழியாகப் பழகி, படம் பிடித்து, மிரட்டிய கும்பல் அது. இலக்கானவர்களில் கல்லூரி மாணவிகளும் இருந்தார்கள். 2019 பெப்ரவரியில் 19 வயது மாணவி ஒருவர் வீட்டில் வாய்திறந்து, குடும்பம் அவர் பக்கம் நின்றதால்தான் விடயம் வெளியே வந்தது. அதற்குப் பிறகு நடந்தது வெட்கக்கேடு. மாவட்டப் பொலிஸ் அத்தியட்சகரே செய்தியாளர்கள் முன்னிலையில் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். அரசாணையிலும் பெயர் இடம்பெற்றது. முறைப்பாடு செய்தால் பெயர் கெடும் என்று பயப்படும் பெண்ணை நாம் எப்படிக் குறைசொல்வது? அப்படியிருந்தும் எட்டுப் பெண்கள் நீதிமன்றத்தில் உறுதியாகச் சாட்சியமளித்தார்கள். 2025 மே 13ஆம் திகதி கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது.

இலங்கையில் சட்டம் இல்லாமல் இல்லை. 2006இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட ஏற்பாட்டின்படி, பாலியல் துஷ்பிரயோக நோக்கத்துடன் 18 வயதுக்கு உட்பட்டவரை எந்த வழியில் அணுகி அழைத்தாலும் அதுவே குற்றம். 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் சிறுவர் பாதுகாப்பைச் சொல்லித்தான் நிறைவேற்றப்பட்டது. விமர்சகர்களின் வாயை அடைக்கும் சட்டம் என்று அதை எதிர்த்தவர்களில் நானும் ஒருத்தி. இப்போதும் அதே நிலைப்பாடுதான். பிள்ளைகளைக் காக்கும் ஏற்பாடுகள் ஏற்கெனவே இருந்தன. 2021இல் 15 வயதுச் சிறுமி ஒருவர் இணையத்தளங்களில் விளம்பரப்படுத்தி விற்கப்பட்ட கல்கிசை விவகாரத்தில், முப்பதுக்கும் அதிகமானோரை அந்தப் பழைய சட்டங்களைக் கொண்டே கைதுசெய்ய முடிந்தது.

கண்டியைச் சுற்றியுள்ள தமிழ்பேசும் சிறுமிக்குச் சிக்கல் பொலிஸ் நிலைய வாசலில் தொடங்குகிறது. வீட்டாரிடமே சொல்லக் கூசும் விடயத்தை, சீருடையில் உள்ள ஒருவரிடம், தனக்குச் சரளமில்லாத சிங்களத்தில் சொல்ல வேண்டியிருக்கலாம். மொழிபெயர்க்க அயலவர் ஒருவரைக் கூட்டிச் சென்றால் இரகசியம் அங்கேயே போய்விடும். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதிகளிலும் தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் உறுப்புரை முறைப்பாட்டை எழுதிக்கொள்ளாது. அதற்குத் தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர் மேசையில் இருக்க வேண்டும்.

சமூக ஊடக நிறுவனங்களின் மொழி அலட்சியமும் கண்டிக்குப் புதிதல்ல. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய எரிந்தபோது சிங்களத்தில் பரவிய வெறுப்புப் பதிவுகளை பேஸ்புக் உரிய நேரத்தில் அகற்றவில்லை. அதற்கு 2020இல்தான் மன்னிப்புக் கேட்டது. ஆங்கில எழுத்தில் தட்டும் நம் பிள்ளைகளின் தமிழை இந்த நிறுவனங்கள் கவனமாகக் கண்காணிக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தோருக்குச் சமூக ஊடகக் கணக்குகளைத் தடைசெய்தது. ஒரே போனை முழு வீடும் பாவிக்கும் லயனில் அது எப்படிச் சாத்தியம்?

போனைப் பறிப்பதில் இன்னொரு ஆபத்து உண்டு. சொன்னால் போன் போகும், டியூசன் நிற்கும் என்று தெரிந்த பிள்ளை சொல்லமாட்டாள். மிரட்டுபவன் எதிர்பார்ப்பதும் அதைத்தான். கோபத்தில் உரையாடலை அழித்துவிட்டால் சாட்சியமும் போய்விடும். கணக்கின் பெயர், இணைப்பு, நேரம் தெரியும்படி உரையாடலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துவிட்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை அழைக்கலாம். படத்தை மட்டும் பிரதி எடுக்கவோ எவருக்கும் அனுப்பவோ வேண்டாம். 18 வயதுக்கு முன் எடுத்த படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு. பெயர் கேட்பதில்லை. படம் போனைவிட்டு வெளியேறாது, அதன் எண்வடிவ அடையாளம் மட்டுமே அனுப்பப்படும். இன்ஸ்டகிராம், பேஸ்புக், டிக்டொக் இதில் பங்கேற்கின்றன. வட்ஸ்அப் உரையாடல்களுக்குள் இது எட்டாது.

கண்டி மாவட்டப் பொலிஸ் நிலையங்களின் சிறுவர், மகளிர் பிரிவுகளில் தமிழில் வாக்குமூலம் பதியக்கூடிய பெண்கள் எத்தனை பேர்? 2016இன் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தப் பிரஜையும் இதைக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் போன் தடையைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த விண்ணப்பத்தை எழுதி அனுப்பட்டும்.