இல்லத்துச் சமாதானம்

பண்டிகை விளக்கு, வீட்டு விளக்கு ஆகிய இரண்டுக்கும் எண்ணெய் வாங்க வசதியற்ற ஏழை எதை ஏற்றுவது என்ற வினாவுக்கு, இல்லத்துச் சமாதானத்தின் பொருட்டு வீட்டு விளக்கே முதன்மை பெறும் என்று யூதச் சட்டத் தொகுப்பான தால்முத்தில் ராபா என்னும் யூத ஆசாரியர் விதித்ததை, 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடீஸும் தம் சட்டநூலில் உறுதிப்படுத்தினார். வேதாகமத்தில் தன் கணவர் ஆபிரகாமின் முதுமையைச் சுட்டிச் சாராள் நகைத்ததை அவரிடம் உரைக்கையில் கடவுளே அச்சொல்லை மாற்றி, அவள் தன் முதுமையைச் சொன்னதாகக் கூறினார் என்று கொண்டு, சமாதானத்துக்காகச் சத்தியத்தைச் சற்றே வளைக்கலாம் என்றும் தால்முத்து ஆசாரியர்கள் துணிந்தனர். சம்பிரதாயத்துக்கு மேலாக மனிதரை வைத்த இவ்விவேகம் வணங்கத்தக்கது. ஆயினும் அடிபட்ட மனைவியைப் பொறுத்துப் போகுமாறு ஏவுதற்கு இதே தத்துவத்தைக் காட்டுவது அதர்மமே; 13ஆம் நூற்றாண்டிலேயே ரோத்தன்பர்க் ரபி மெயிர் மனைவியை அடிப்பவனை வன்மையாகக் கண்டித்துத் தீர்ப்புரைத்தார்.