அப்பாவின் சைக்கிளை ஏளனம் செய்யாதீர்!



நம் சைக்கிள் ஸ்டாண்டில் தினமும் நடக்கும் பட்டிமன்றம் உங்களுக்குத் தெரியாததல்ல. "மச்சி, டயர் தடியா, பட்டன் பட்டனா இருந்தாத்தான்டா நம்ம ரோட்டுக்குத் தாங்கும்" என்பது ஒரு கட்சி. "ரேஸ் சைக்கிள் மாதிரி ஒல்லியா இருந்தாத்தான் பறக்கும்" என்பது மறு கட்சி. இரண்டுமே நம் வட்டாரத்துக்குப் பொருந்தாது என்பது என் கருத்து.

நாம் போகும் பாதை எது? சி.டி.எச். ரோட்டில் தார், ஓரம் ஒதுங்கினால் மணலும் ஜல்லியும். ஆவடி, பூந்தமல்லி உட்தெருக்களில் தோண்டி மூடிய பள்ளம். ஏரிக்கரையில் கருவேல முள். பெரும்பகுதி தார்தான். தாரில் பட்டன் டயர் இழுக்கும். நம் மிதியைத் தின்னும். பட்டன் உதவுவது சேற்றில். உதிரி ஜல்லியில் நம்மைக் காப்பது அகலமும் அளவான காற்றும்தான்.

கணக்குப் போட்டுத்தான் பார்ப்போமே! பின்சக்கரத்தில் 48 கிலோ எடை விழுகிறது என்று வையுங்கள். காற்று சதுர செ.மீ.க்கு 4 கிலோ என்றால், டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 12 சதுர செ.மீ. காற்றை 3 கிலோவாக்கினால் 16. பிடிப்பு கூடும், குலுக்கல் குறையும். ரொம்ப இறக்கினால்? கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை! ஒல்லி டயரில் காற்றை இறக்க வழியில்லை. அகல டயரில் உண்டு.

இன்று 'கிராவல் பைக்' என்று பெரும் விலைக்கு விற்கிறார்களே, அதன் டயர் அகலம் பெரும்பாலும் 35 முதல் 45 மி.மீ. நம் அப்பாக்கள் ஃபேக்டரிக்கு மிதித்த ரோட்ஸ்டரின் 28 × 1½ டயர்? சுமார் 40 மி.மீ.! 1949-ல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸின் அம்பத்தூரிலேயே இருந்துகொண்டு, அந்த வண்டியை 'டப்பா' என்கிறோம்!

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. வெறும் '28' என்று கேட்காதீர்கள். ரோட்ஸ்டர் டயரின் பக்கவாட்டில் 40-635 என்றிருக்கும்: அகலம் 40, ரிம் விட்டம் 635 மி.மீ. 700சி டயரையும் 28 என்பார்கள். அதன் விட்டம் 622. ஒன்றின் ரிம்மில் மற்றது உட்காராது. வெர்னியர் பிடிக்கும் நாமே ஏமாறலாமா?

பஞ்சரானால் முதல் பீரியட் அட்டெண்டன்ஸ் போகும். ஜல்லியில் சறுக்கி லாரிப் பக்கம் விழுந்தால் போவது அட்டெண்டன்ஸ் மட்டுமல்ல தோழர்களே! நூல் தெரியும் டயரை இன்றே மாற்றுங்கள். ஸ்டாண்டில் நிற்கும் அழகுக்கு அல்ல, வீடு போய்ச் சேருவதற்கு டயர் வாங்குங்கள்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்