நடுரோட்டில் சரவெடி! தீபாவளி இரவில் வெளியே போவது எப்படி?

தீபாவளி சாயந்திரம். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தாயிற்று. மதியம் கறிச்சோறும் சாப்பிட்டாயிற்று. "ஏங்க, எங்கேயாவது கூட்டிட்டுப் போங்களேன்" என்று மனைவி கேட்பார்.

நியாயமான ஆசைதானே! அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு வருஷத்தில் இப்படி எத்தனை மாலை கிடைக்கும்? அன்றைக்கு ஷிப்டு கிடையாது. போனஸ் பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஓட்டலில் ஒரு பிரியாணி, இல்லாவிட்டால் நெய் ரோஸ்ட். வழியெல்லாம் வாணவேடிக்கை. பெரிய செலவும் இல்லை.

ஆனால் தெருமுனை தாண்டுவதற்குள் மனுஷன் ஸ்கூட்டரைத் திருப்பிவிடுகிறார். காரணம், நடுரோட்டில் பத்தாயிரம் வாலா!

புடவையில் பொறி

ரோட்டின் குறுக்கே சரத்தை விரித்துப் பற்றவைக்கிறார்கள். பஸ் நிற்கிறது; ஆட்டோ நிற்கிறது. பாட்டிலில் வைத்த ராக்கெட் சாய்ந்து, வண்டிகளுக்கு நடுவே பாய்கிறது. பின்சீட்டில் இருக்கிற பெண்ணின் புடவையில் ஒரு பொறி விழுந்தால் போதும். பாலியெஸ்டர் துணி உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிரியாணி ஏது? கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி தீக்காய வார்டுதான்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு, இரவு 8 மணி முதல் 10 மணி வரைதான் தீபாவளிப் பட்டாசு என்றது. நம் ஊரில் விடியற்காலையில் வெடிப்பதுதான் வழக்கம் என்று தமிழக அரசு முறையிட்டது. மொத்தம் 2 மணி நேரம். எப்போது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று கோர்ட்டு இறங்கி வந்தது. அப்படி வந்ததுதான் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8.

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு, கோயில் பக்கத்தில் வெடிக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. மீறினால் கேஸ். போலீசாரும் வருஷா வருஷம் கேஸ் போடத்தான் செய்கிறார்கள். ஆனால் எத்தனை தெருவில்தான் காக்கிச் சட்டை நிற்க முடியும்?

மறந்துபோன யோசனை

அதே 2018 தீர்ப்பில் இன்னொரு விஷயமும் உண்டு. ஜனங்கள் ஒரே இடத்தில் கூடி வெடிக்க, முன்கூட்டியே மைதானம் ஒதுக்க முடியுமா என்று பாருங்கள் என்றது கோர்ட்டு. திறந்தவெளியில் கூட்டாக வெடியுங்கள் என்று மாசு கட்டுப்பாட்டு வாரியமும் சொல்கிறது. சொன்னால் போதுமா? மைதானத்தைக் காட்ட வேண்டாமா?

பட்டாசே கூடாது என்று நாம் சொல்லவில்லை. சிங்கப்பூரில் 1972-ல் தனியார் பட்டாசை அடியோடு தடை செய்தார்கள். அங்கே தேசிய தினத்தில் வாணவேடிக்கை நடக்கிறது. குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்க்கிறார்கள். நமக்கு அவ்வளவு கெடுபிடி வேண்டாம். சிவகாசியில் பட்டாசை நம்பித்தான் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. நாம் கேட்பது ஒரு மைதானம், அவ்வளவுதான்.

அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லிக்கு நகராட்சி இருக்கிறது. 2022-ல் ஆவடிக்குத் தனிப் போலீஸ் கமிஷனர் அலுவலகமும் வந்துவிட்டது. ஊருக்கு ஒரு மைதானம் ஒதுக்குவது என்ன பிரம்ம வித்தையா?

சுற்றிலும் கயிறு கட்டுங்கள். ஒரு தண்ணீர் லாரியும் தீயணைப்பு வண்டியும் நிற்கட்டும். வெடிக்கிறவர்கள் கயிற்றுக்கு உள்ளே. வேடிக்கை பார்க்கிறவர்கள் வெளியே. ஓரமாகச் சுண்டல், பஜ்ஜி, டிபன் கடைகளுக்கு இடம் கொடுத்தால், பண்டிகை நாளில் அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும். புருஷன் பெண்டாட்டி ஜோடியாக வந்து, சாப்பிட்டு, மத்தாப்பு வெளிச்சம் பார்த்து, பத்திரமாக வீடு திரும்பலாம்.

வெடிக்கிறவருக்கு மைதானம், போகிறவருக்கு ரோடு. அடுத்த தீபாவளிக்குள் அதிகாரிகள் மனசு வைப்பார்களா?