ஜெபமும் வேண்டும், காகிதமும் வேண்டும்



ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்படும் ஜெப விண்ணப்பங்களைக் கொஞ்ச நாளாகக் கவனித்திருப்பீர்கள். மலேசியாவில் இருக்கும் மகனுக்காக, தாய்லாந்தில் பெர்மிட் முடிந்துபோன தங்கைக்காக, ஒரு வாரமாகப் போன் எடுக்காத கணவருக்காக என்று சீட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. 2024 பிப்ரவரி 10 அன்று இராணுவ சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் வயது வரம்பு ஆண்களுக்கு 18 முதல் 35, பெண்களுக்கு 18 முதல் 27. நம் வாலிபர் ஐக்கியத்தில் பெரும்பாலோர் அந்த வயதுக்குள்தான் இருக்கிறோம். அதற்குப் பிறகு தன்லியின் தமிழ் வீடுகளில் பெட்டி கட்டுகிறவர்கள் கூடிவிட்டார்கள்.

யார் போகலாம், யார் போகக்கூடாது என்று தீர்ப்புச் சொல்ல நான் இதை எழுதவில்லை. சொல்ல வந்தது ஒன்றுதான். ஒருவர் பிடிபட்ட பிறகு அழுது ஜெபிக்கிற நாம், அவர் பிடிபடுவதற்கு முன்பே செய்யக்கூடிய வேலையைச் செய்யாமல் விடுகிறோம். அந்த வேலை பெரிய வேலை அல்ல. வாலிபர்களாகிய நாமே செய்யலாம்.

"நடக்காததை ஏன் பேசுகிறாய்? வாயால் வரவழைக்காதே" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். நான் நர்ஸ். எங்கள் வார்டில் எமர்ஜென்சி டிராலி ஒன்று நிற்கும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் அதைத் திறந்து மருந்து இருக்கிறதா, ஆக்சிஜன் இருக்கிறதா என்று சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவோம். சரிபார்த்ததால் யாருக்கும் மாரடைப்பு வந்ததில்லை. சரிபார்த்து வைத்ததால் பிழைத்தவர்கள் உண்டு.

பவுல் தன் உரிமையைக் கேட்டார்

உரிமையைப் பற்றிப் பேசுவது விசுவாசக் குறைவு என்று நினைப்பவர்கள் அப்போஸ்தலர் 22-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். வாரினால் அடிக்கக் கட்டிய நேரத்தில் பவுல் நூற்றுக்கு அதிபதியிடம் சட்டத்தைத்தான் கேட்டார். விசாரிக்காமல் ஒரு ரோமக் குடிமகனை அடிக்கலாமா என்ற கேள்வி வந்ததும் சேனாபதியே பயந்துபோனான். 25-ஆம் அதிகாரத்தில் அவர் இராயனிடம் அப்பீல் செய்கிறார். பவுலைவிட அதிகமாக ஜெபித்தவர் யார்? அவரும் தன் குடியுரிமை என்ன, சட்டம் என்ன என்று தெரிந்து வைத்திருந்தார்.

பிடிபட்டால் என்ன நடக்கும்?

நம்மவர்கள் அதிகம் போவது மலேசியாவுக்கு என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். அந்த நாட்டின் குடிவரவுச் சட்டம் 6-ஆம் பிரிவின்படி, அனுமதி இல்லாமல் நுழைந்தவருக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, 6 பிரம்படி வரை தண்டனை கிடைக்கலாம். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியாவும் சேரவில்லை, தாய்லாந்தும் சேரவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை கையில் இருந்தால் உதவும். ஆனால் அது பெர்மிட் ஆகாது. "கார்டு எடுத்துவிட்டேன், இனி பயமில்லை" என்று போனில் சொல்கிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஆனால் பிடிபட்டவருக்கு ஒரு உரிமையும் இல்லை என்று நினைக்கவேண்டாம். ஏன் பிடித்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும், தன் விருப்பப்படி ஒரு வக்கீலோடு பேசவும் உரிமை உண்டு என்கிறது மலேசிய அரசியல் சட்டத்தின் 5-ஆம் விதி. அதே விதியில் நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ளவேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. மற்ற வழக்குகளில் பிடிபட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். குடிவரவுச் சட்டத்தில் பிடிபட்ட வெளிநாட்டவருக்கு அந்தக் காலம் 14 நாள்.

அந்த 14 நாளில்தான் இங்கே அம்மா சாப்பிடாமல் கிடக்கிறார். "பணம் அனுப்புங்கள், நாளைக்கே வெளியே எடுத்துவிடுகிறேன்" என்று புரோக்கர் போன் பண்ணுவதும் அந்த 14 நாளில்தான். கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போகிறது. பணம் போனபின் அந்த நம்பரும் போய்விடுகிறது. இரண்டு வாரம் தகவல் இல்லை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தமல்ல; சட்டமே அவ்வளவு காலம் கொடுத்திருக்கிறது என்று தெரிந்திருந்தால் அந்த அம்மாவுக்குக் கொஞ்சமாவது மூச்சு விட முடியும். ஆள் எந்த இடத்தில் இருக்கிறார், எந்தப் பிரிவில் வழக்கு என்று சொல்லத் தெரியாத எவருக்கும் பணம் அனுப்பாதீர்கள்.

வெளியே இருப்பவர்களுக்கு நான்கு சொல் சொல்லி வையுங்கள். ஓடவேண்டாம். பொய்ப் பெயர் சொல்லவேண்டாம். பிறகு சொந்தக்காரர் தேடும்போது அந்தப் பெயரில் நீங்கள் கிடைக்கமாட்டீர்கள். வாசிக்கத் தெரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். தமிழில் கேட்டாலும் மலேசியாவில் ஆள் கிடைப்பார். போனை வாங்கி வைத்துவிடுவார்கள், ஆகையால் இரண்டு நம்பராவது மனப்பாடமாக இருக்கட்டும்.

தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்கும் உரிமை 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் விதியில் இருக்கிறது. அது பிடிபட்டவர் கேட்டால் செய்யவேண்டியது. தன் நாட்டுக்குத் திரும்பப் பயப்படுகிறவர், கேட்பதா வேண்டாமா என்று முதலில் வக்கீலிடம் பேசி முடிவு செய்யலாம்.

முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைப்பது சகஜமாக நடக்கிறது. அடுத்தவர் பாஸ்போர்ட்டை அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பது மலேசியாவின் 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். இதைத் தெரிந்துகொண்டால் மட்டும் முதலாளி கொடுத்துவிடமாட்டார், அது உண்மை. ஆனால் பாஸ்போர்ட்டும் பெர்மிட் பக்கமும் நகலாகச் சட்டைப்பையிலும், போட்டோவாக இங்கே வீட்டிலும் இருந்தால், "காகிதமே இல்லாதவன்" என்ற பெயரோடு உள்ளே போகவேண்டியதில்லை.

நமக்கே உள்ள சிக்கல்

மியான்மர்த் தமிழருக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை உண்டு. வீட்டில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் பர்மியப் பெயர், பாஸ்போர்ட்டில் அந்தப் பர்மியப் பெயர் ஆங்கில எழுத்தில். அப்பா பெயரும் காகிதத்துக்குக் காகிதம் மாறும். பிடிபட்டவர் இந்த நாட்டவர்தான் என்று தூதரகம் உறுதி செய்தால்தான் பயணக் காகிதம் கிடைக்கும். பெயர் பொருந்தாவிட்டால் அந்த உறுதி தள்ளிப்போகும். அவ்வளவு காலமும் அவர் தடுப்பு முகாமில் இருக்கவேண்டும். தமிழ் முகம், தமிழ் பேச்சு. "நீ இந்தியனா, மலேசியனா?" என்று கேட்பவருக்குக் காட்ட நம்மிடம் இருப்பது தன்லியின் வீட்டு அலமாரியில் உள்ள குடும்பப் பட்டியல் ஒன்றுதான்.

இந்தக் காகிதத்தின் அருமையை நம் தாத்தா பாட்டிகள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1948-க்குப் பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று வந்தபோது பலர் விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பித்தவர்களிலும் பலருக்குக் கிடைக்கவில்லை. 1960-களில் கடைகள் தேசியமயமாகி, 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாது என்று ஆனபோது, வெளிநாட்டவர் பதிவுப் புத்தகம் மட்டும் வைத்திருந்தவர்கள் லட்சக்கணக்கில் நாட்டை விட்டுப் போனார்கள். சென்னையில் 1969-ல் தொடங்கிய பர்மா பஜார், போனவர்கள் பிழைக்கப் போட்ட கடைகள்தான்.

பிறகு வந்த 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் குடிமக்களை மூன்று வகையாகப் பிரித்தது. உங்கள் அட்டை எந்த நிறம், உங்கள் அப்பா, அம்மாவின் அட்டை எந்த நிறம் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி, வேறு நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்தவர் இந்நாட்டுக் குடியுரிமையை இழக்கிறார். "வேறு நாட்டுப் புத்தகம் வாங்கித் தருகிறேன்" என்று ஏஜெண்ட் சொல்லும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டுக்கு ஒரு உறை

எரேமியா 32-ஆம் அதிகாரத்தில் எருசலேம் முற்றுகையில் இருக்கிறது, தீர்க்கதரிசி காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் நிலம் வாங்கி, கிரயப் பத்திரத்தின் முத்திரை போட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார், அநேக நாள் இருக்கும்படி. நமக்கு மண்பாண்டம் வேண்டாம், தண்ணீர் புகாத ஒரு பிளாஸ்டிக் உறை போதும்.

அதில் முதலாவது, குடும்பப் பட்டியல், எல்லாருடைய அடையாள அட்டை, பாஸ்போர்ட், பெர்மிட் ஆகியவற்றின் நகல். இரண்டாவது, ஒரே தாளில் அந்த ஆளின் எல்லாப் பெயர்களும், அப்பா அம்மா பெயர்களும் பர்மிய எழுத்திலும் ஆங்கில எழுத்திலும். மூன்றாவது, அங்கே அவர் தங்கும் முகவரி, முதலாளி, கூட இருப்பவர் நம்பர். நான்காவது, பணம், சேமிப்பு, வீட்டுக் காரியங்களுக்கு இங்கே யார் கையெழுத்துப் போடலாம் என்ற அதிகாரப் பத்திரம். இதைப் புறப்படுமுன் வக்கீலிடம் முடித்துவிடுங்கள். முகாமுக்குள் போனபின் ஒரு கையெழுத்து வாங்குவது மலையைப் புரட்டுகிற வேலை.

ஐந்தாவது என் துறை, மருந்துச் சீட்டு. கடைப்பெயர் நாட்டுக்கு நாடு மாறும், ஆகையால் மருந்தின் பொதுப்பெயரை எழுதுங்கள்: மெட்ஃபார்மின், அம்லோடிபின் என்று, அளவோடு. காசநோய் மருந்து குறைந்தது ஆறு மாதம் விடாமல் சாப்பிடவேண்டியது. நடுவில் நின்றால் மருந்துக்கு அடங்காத காசநோயாகத் திரும்பலாம். எச்.ஐ.வி. மருந்தும் ஒருநாள்கூட விடக்கூடாதது. உள்ளே இருப்பவருக்காக வக்கீலோ சபையோ கேட்கப்போனால், அந்தச் சீட்டுதான் பேசும்.

பிள்ளைகள்

பிள்ளைகளுக்குத் தனியாக ஏற்பாடு வேண்டும். 2021 பிப்ரவரி 23 அன்று மலேசியாவின் லுமுட் கடற்படைத் தளத்திலிருந்து 1,086 பேர் மியான்மருக்குக் கப்பலில் அனுப்பப்பட்டார்கள். அனுப்பவேண்டாம் என்று கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் தடை போட்டதும் அதே நாளில்தான். பெற்றோரில் ஒருவர் மலேசியாவிலேயே இருக்கும் பிள்ளைகளும் அனுப்பப்பட இருந்தோர் பட்டியலில் உண்டு என்று வழக்குப் போட்ட அமைப்புகள் சொன்னன. அப்பா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று ஆனால் பிள்ளையை யார் ஏற்றுக்கொள்வது? அதை முன்பே பேசி, எழுதி, கையெழுத்திட்டு வையுங்கள்.

இங்கே பாட்டியிடம் விட்டுப்போன பிள்ளைக்கும் அந்தக் கடிதம் வேண்டும். நடுராத்திரி வயிற்றுவலியோடு ஒரு பிள்ளையைத் தூக்கி வருவார்கள். ஆபரேஷனுக்கு யார் கையெழுத்து என்று கேட்டால் பாட்டி எங்களைப் பார்ப்பார். பெற்றோர் எழுதிக் கொடுத்த தாள் ஒன்றும், தடுப்பூசி அட்டையும் கையில் இருந்தால் எங்களுக்கும் எளிது, பாட்டிக்கும் தெம்பு.

அங்கே பிறக்கும் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்காமல் விடாதீர்கள். தாய்லாந்தில் 2008-ல் சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோரிடம் காகிதம் இல்லாவிட்டாலும் அங்கே பிறக்கும் எந்தப் பிள்ளையின் பிறப்பையும் பதிவு செய்யலாம் என்று ஆனது. அது அந்நாட்டுக் குடியுரிமை அல்ல. இந்தப் பிள்ளை இன்னாருடையது என்ற சாட்சி. மலேசியாவில் பயம் வேறு மாதிரி. காகிதம் இல்லாதவர் சிகிச்சைக்கு வந்தால் தெரிவிக்கவேண்டும் என்று அரசு மருத்துவமனைகளுக்கு 2001-ல் சுற்றறிக்கை போனது. அதனால் கர்ப்பிணிகள் வலி எடுத்தும் ரூமிலேயே கிடக்கிறார்கள். இரத்தப்போக்கு காத்திருக்காது என்று நர்ஸாகச் சொல்கிறேன். எந்த கிளினிக்குக்குப் போகலாம் என்பதை ஐந்தாம் மாதத்திலேயே, அங்குள்ள சபைகள், தொண்டு நிறுவனங்கள் மூலம் விசாரித்து வையுங்கள்.

"சட்டத்தை மீறியவனுக்குச் சபை ஏன் துணைபோகவேண்டும்?" என்று ஒரு மூப்பர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெர்மிட் இல்லாமல் போகாதே என்று நானும் சொல்கிறேன். விசிட் விசாவில் வேலைக்குக் கூப்பிடும் ஏஜெண்டை நம்பாதே என்றும் சொல்கிறேன். ஆனால் பெர்மிட்டோடு போனவரும் முதலாளி புதுப்பிக்காமல் விட்டால் ஒரே இரவில் சட்டவிரோதி ஆகிறார். தப்பு செய்தவர் என்றே வைத்துக்கொண்டாலும், அவருக்குச் சட்டம் கொடுத்த உரிமையை அவர் கேட்பது தப்பாகாது. வார்டுக்கு வருகிறவரிடம் காயம் எப்படி வந்தது என்று பிறகுதான் கேட்போம்; முதலில் இரத்தத்தை நிறுத்துவோம்.

ஆகவே வாலிபர் ஐக்கியத்துக்கு என் யோசனை இது. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து இரண்டு மணி நேரம் உட்காருவோம். பர்மியமும் ஆங்கிலமும் நன்றாக எழுதத் தெரிந்த நான்கு பேர், நகல் எடுக்கப் பணம் கொஞ்சம், உறைகள் ஒரு கட்டு. வெளியே ஆள் இருக்கும் வீட்டார் தங்கள் காகிதங்களோடு வரட்டும். பெயர் பொருந்தாத காகிதங்களைக் குறித்துக்கொடுத்து, லவக அலுவலகத்துக்குக் கூடப்போக ஒருவரை அனுப்புவோம். உறை அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும். பிறர் இரகசியம் சபையில் சேரவேண்டாம். மூப்பர்களின் அனுமதியை நாம் கேட்கவேண்டும், முதல் உறைகளை நான் வாங்கி வருகிறேன். இந்த ஞாயிறு வீட்டுக்குப் போனதும் குடும்பப் பட்டியலை எடுத்து, அதில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.